கிடாரிக் கன்றின் முதல் 2 மாதத் தீவனமும் பிற்கால வளர்ச்சியும்: கொங்குப் பகுதிக் கறவை மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெருந்துறை, காங்கயம், பல்லடம், மோகனூர் என எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் கட்டுத்தரையில் இரண்டு மூன்று கலப்பினப் பசுக்களும் அவற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கன்றும் கட்டியிருப்பதைக் காணலாம். பசுவின் தீவனத்தைக் கிலோக் கணக்கில் சொல்லும் பண்ணையக்காரர்கள்கூட, கன்று ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் குடிக்கிறது என்று கேட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கணக்கு ஏன் முக்கியம், அதை எப்படிச் சரிசெய்வது என்பவையே கீழுள்ள கேள்விகளின் அடிப்படை.

கன்று எப்படியும் பிறகு மேய்ந்து வளர்ந்துவிடுமே, முதல் 2 மாதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

கன்று தின்னும் தீவனம் மிகத் திறமையாக உடல் வளர்ச்சியாக மாறும் காலம் அதுதான். எலும்பும் தசையும் அப்போது வேகமாக வளர்கின்றன. பிற்காலத்தில் பால் சுரக்க வேண்டிய மடித் திசுவும் அந்த வாரங்களில் உருவாகத் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், 2 முதல் 8 வார வயதுக்குள் கூடுதல் ஊட்டம் பெற்ற கன்றுகளின் மடியில் பால் சுரப்புத் திசு அதிகமாக வளர்ந்திருந்தது. அதே கூடுதல் ஊட்டத்தை 8 முதல் 14 வாரத்தில் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

2012-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்கள் பண்ணையின் ஹோல்ஸ்டீன் கிடாரிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் திரட்டிய பதிவுகளை ஆராய்ந்தார்கள். பால் மறக்கும் முன் ஒரு நாளைய எடைக்கூடுதல் 1 கிலோ அதிகமானால் முதல் ஈத்தில் சுமார் 850 கிலோ பால் கூடுகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வேறொரு வணிகப் பண்ணையில் அந்த அளவு 1,113 கிலோவாக இருந்தது. ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2016-இல் வெளியான கட்டுரை, முதல் ஈத்துப் பாலின் ஏற்ற இறக்கத்தில் இளமைத் தீவனத்தின் பங்கு சிறியது என்றும், பால் மறந்த பிறகான பராமரிப்புக்கே பெரும் பங்கு உண்டு என்றும் எச்சரித்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொடக்கத்தில் நன்றாக ஊட்டிவிட்டுப் பிறகு கைவிட்டால் பலன் இல்லை. தொடக்கத்தில் பட்டினி போட்டுவிட்டுப் பிறகு அள்ளிக் கொட்டினாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை ஊட்ட விடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

இந்த ஒரு வழக்கத்தை மட்டும் தயவுசெய்து உடனே கைவிடுங்கள். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புப் பொருட்கள் கிடைத்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பில் அதற்கு வழியில்லை. எனவே பிறக்கும் கன்றின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய இல்லை. சீம்பால் வழியாகத்தான் அது வந்தாக வேண்டும். அந்தப் பெரிய புரத மூலக்கூறுகளை உடையாமல் உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரம் நன்றாக இருக்கும். பின்னர் மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அந்த வாசல் மூடிவிடும். நஞ்சுக்கொடி விழ 8 மணி நேரமோ 12 மணி நேரமோ ஆகலாம். அதுவரை காத்திருந்து கொடுக்கும் சீம்பால் வயிற்றை நிறைக்கும். எதிர்ப்பு சக்தியாகப் பெரும்பகுதி சேராது. கன்று ஊட்டுவதால் தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரந்து கருப்பை சுருங்குகிறது என்பதால், சீக்கிரம் ஊட்ட விடுவது நஞ்சுக்கொடி விழுவதற்கும் துணைதான்.

எவ்வளவு சீம்பால், எப்போது?

பிறந்த 2 மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போயிருக்க வேண்டும். நம் பகுதி ஜெர்சி கலப்பினக் கன்று 20 முதல் 25 கிலோ இருக்கும் என்று கொண்டால், அது 2 முதல் 2.5 லிட்டர், ஹோல்ஸ்டீன் கலப்பினக் கன்று 30 கிலோ இருந்தால் 3 லிட்டர். அடுத்த 8 முதல் 12 மணி நேரத்தில் இன்னொரு முறை ஒன்றரை முதல் 2 லிட்டர். தானாக ஊட்டட்டும் என்று விட்டுவிட்டால், பலவீனமான கன்றும், மடி தொங்கிய பசுவின் கன்றும் காம்பைத் தேடுவதிலேயே நேரத்தைக் கழித்துவிடும். அப்படிப்பட்ட கன்றுக்குக் கறந்து, ரப்பர் காம்பு மாட்டிய புட்டியில் கொடுப்பதே உறுதி.

பிரவுன் சுவிஸ் இனக் கன்றுகளுக்குப் பிறந்தவுடன் 2 லிட்டர், 4 லிட்டர் என்று இரு அளவுகளில் சீம்பால் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. 4 லிட்டர் குடித்தவை வேகமாக வளர்ந்ததோடு, முதல் இரண்டு ஈத்துகளிலும் அதிகம் பால் தந்தன. ஒரே ஒரு வேளை ஊட்டத்தின் தாக்கம் சில ஆண்டுகள் கழித்துக் கறவையில் தெரிகிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கும் செய்தி.

அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுத்தனுப்பும் நல்ல பழக்கம் நம்மிடம் உண்டு. அதை நிறுத்த வேண்டியதில்லை; கன்றுக்கு முதல் நாள் பங்கு போன பிறகு, இரண்டாம் மூன்றாம் நாள் பாலிலிருந்து கொடுக்கலாம். முதல் கறவையில் மீந்த சீம்பால் இருந்தால், சுத்தமான புட்டியில் ஊற்றி உறைய வைத்து, தாய் இறந்த அல்லது சீம்பால் போதாத கன்றுக்குப் பயன்படுத்தலாம். உறைந்ததைக் கொதிக்க வைக்கக் கூடாது. கை பொறுக்கும் வெந்நீரில் புட்டியை வைத்து உருக்க வேண்டும். அதிகச் சூட்டில் எதிர்ப்புப் புரதம் கெட்டுவிடும்.

எங்கள் கன்று காலை மாலை இரண்டு வேளையும் ஊட்டுகிறது. அது போதாதா?

எவ்வளவு நேரம் ஊட்டுகிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான கட்டுத்தரைகளில் நடப்பது இதுதான்: பால் இறங்குவதற்காகக் கன்றை அவிழ்த்து விடுவார்கள், நான்கு காம்பிலும் வாய் வைத்து முட்டியதும் இழுத்துக் கட்டிவிடுவார்கள், கறந்து முடித்தபின் மறுபடி விடுவார்கள். அப்போது மடியில் எஞ்சியிருப்பது அரை லிட்டரோ முக்கால் லிட்டரோதான். கன்றின் வாயோரத்தில் நுரை நிற்பதைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

சந்தேகம் இருந்தால் அளந்து பார்த்துவிடுவது எளிது. மஞ்சள் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு பல வீடுகளில் இருக்கிறது. ஊட்டும் முன் கன்றைச் சாக்கில் தாங்கி நிறுத்துப் பாருங்கள். ஊட்டிய உடனே, சாணமோ சிறுநீரோ போகும் முன், மீண்டும் நிறுங்கள். கூடிய எடைதான் குடித்த பால். இரண்டு வேளையும் சேர்த்து 2 லிட்டருக்குக் குறைவாக வந்தால், அந்தக் கன்று வளரவில்லை, உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும். ஏனென்றால் 30 கிலோக் கன்றுக்கு நிற்கவும் மூச்சு விடவும் உடல் சூட்டைக் காக்கவும் மட்டுமே ஏறத்தாழ 2 லிட்டர் பாலின் சக்தி செலவாகிவிடும். அதற்கு மேல் போகும் பால்தான் எடையாக மாறும். சுமார் 10 லிட்டர் கூடுதல் பாலுக்கு 1 கிலோ எடை என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற பழைய அளவின்படி 3 லிட்டர் கொடுத்தால் வளர்ச்சிக்கு எஞ்சுவது 1 லிட்டர்தான் என்பது இதிலிருந்து விளங்கும்.

முதல் வாரம் 4 லிட்டர், பிறகு ஆறாம் வாரம் வரை எடையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி 5 முதல் 6 லிட்டர் என்பது நம் கலப்பினக் கன்றுகளுக்குப் பொருத்தமான அளவு. பிறந்த எடை 8 வாரத்தில் இரண்டு மடங்காக வேண்டும் என்பதே இலக்கு.

ஊட்ட விடும் முறை தவறானதல்ல. இஸ்ரேலில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், 6 வாரம் தாயிடம் ஊட்டிய ஹோல்ஸ்டீன் கன்றுகள், பால் மாற்றுப் பொடி குடித்தவற்றைவிட இளம் வயதிலேயே சினை பிடித்தன. கறவையின்போது ஒரு காம்பையோ இரண்டு காம்பையோ முழுதாகக் கன்றுக்கு விட்டுவிடுவதே நம் முறையில் செய்யக்கூடிய எளிய திருத்தம். நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் பசுவில் இரண்டு காம்பு என்பது ஏறத்தாழ 5 லிட்டர். ஒவ்வொரு வேளையும் காம்பை மாற்றி விட்டால் மடி ஒரு பக்கமாகச் சரியாது.

அவ்வளவு பால் குடித்தால் கழிச்சல் வருமே?

பால் கூடினால் சாணம் சற்று இளகும். அது நோய் அல்ல. கழிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கிருமி. அழுக்கு வாளி, ஈரத் தரை, ஆறிப்போன பால், ஒரு நாள் 6 மணிக்கும் மறுநாள் 9 மணிக்கும் மாறும் நேரம் ஆகியவை அந்தக் கிருமிக்கு வழிவிடுகின்றன. பால் கன்றின் உடல் சூட்டுக்கு, அதாவது 38 முதல் 39 டிகிரிக்கு, இருக்க வேண்டும். தலை சற்று நிமிர்ந்த நிலையில் உறிஞ்சிக் குடிக்கும்போது உணவுக்குழல் பள்ளம் மூடிக்கொண்டு பால் நேரே நான்காம் இரைப்பைக்குப் போகும். அவசரமாகக் கடகடவென்று குடிக்க வைத்தால் வழி தவறி முதல் இரைப்பையில் விழுந்து புளிக்கலாம். வாளியில் பழக்குவதாக இருந்தால் முதல் சில நாட்கள் விரலைச் சப்பக் கொடுத்துப் பழக்குங்கள்.

கழிச்சல் வந்துவிட்டால் பாலை நிறுத்துவது பெருந்தவறு. கன்று இறப்பது நீரும் உப்பும் வற்றியும், பட்டினியாலும்தான். வழக்கமான பாலைக் கொடுத்துக்கொண்டே, இடைவேளைகளில் கால்நடை மருத்துவர் சொல்லும் உப்புக்கரைசலைக் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்து, காது சில்லிட்டு, சப்பும் ஆர்வம் போய்விட்டால் ஒரு வேளைகூடத் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

கஞ்சித்தண்ணீர், நாட்டுச் சர்க்கரை, பருத்திக்கொட்டைப் பால் கொடுக்கலாமா?

முதல் சில வாரங்களில் மூன்றும் வேண்டாம். இளங்கன்றின் குடலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி மிகக் குறைவு; கரும்புச் சர்க்கரையை உடைக்கும் நொதி இல்லவே இல்லை. செரிக்காத கஞ்சியும் சர்க்கரையும் குடலில் புளித்துக் கழிச்சலாகும். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பசுவுக்கு ஊற்றுவது நம் ஊர் வழக்கம்; பசுவின் முதல் இரைப்பை அதிலுள்ள காசிப்பால் என்னும் நச்சைப் பெரிதும் முறித்துவிடும். முதல் இரைப்பை வளராத கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த நச்சு இதயத்தைப் பாதிக்கும்.

அடர்தீவனத்தை எப்போது தொடங்க வேண்டும்? எங்கள் மாட்டுத் தீவனத்தையே கொஞ்சம் போட்டால் போதுமா?

பிறந்த ஒரு வாரத்திலேயே ஒரு கைப்பிடி வைக்கத் தொடங்கலாம். முதலில் முகர்ந்து பார்க்கும், பிறகு நக்கும், மூன்றாம் வாரத்தில் மெல்லும். பால் குடித்த கையோடு வாயில் சிறிது தடவிவிட்டால் சீக்கிரம் பழகும்.

பிறந்த கன்றின் வயிற்றில் பெரியது நான்காம் இரைப்பைதான். அசைபோட உதவும் முதல் இரைப்பை சிறியதாகவும் உட்சுவர் வழவழப்பாகவும் இருக்கும். தானியத்தை நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலம்தான் அந்தச் சுவரில் சத்தை உறிஞ்சும் மொட்டுகளை வளர்க்கிறது. பாலால் அந்த வேலை நடக்காது, ஏனெனில் சரியாகக் குடிக்கும் பால் முதல் இரைப்பைக்குள் போவதில்லை. வைக்கோலும் தட்டும் இரைப்பையை விரிக்கும். மொட்டுகளை அவ்வளவாக வளர்க்காது. சோளத்தட்டை மட்டும் கடித்து வளரும் கன்றுக்கு வயிறு தொங்கியும் முதுகெலும்பு தெரிந்தும் இருப்பதன் காரணம் இதுதான். அந்தப் பானை வயிற்றைப் பார்த்து நன்றாகத் தின்கிறது என்று மகிழக் கூடாது.

பசுவுக்கான தீவனத்தில் யூரியா சேர்ந்திருக்கலாம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் இருக்கலாம். எனவே அது இளங்கன்றுக்கு ஏற்றதல்ல. கன்றுத் தீவனத்தில் 18 முதல் 22 சதவீதம் புரதம் வேண்டும். வீட்டில் கலப்பதாக இருந்தால், நொய்யாகக் குருணையாக்கிய மக்காச்சோளம் பாதி, கடலைப் புண்ணாக்கோ சோயாப் புண்ணாக்கோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, மீதி கோதுமைத் தவிடு, 100 கிலோவுக்கு 2 கிலோ தாதுஉப்பு, 1 கிலோ சாப்பாட்டு உப்பு என்று கலக்கலாம். மாவாக அரைத்தால் வாயில் ஒட்டும், மூக்கில் ஏறும், கன்று தின்னாது. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் புண்ணாக்கும் கன்றுக்கு ஆகவே ஆகாது. பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்னும் நச்சு என்ன செய்யும் என்று நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டால் தெரியும். இளங்கன்றின் ஈரலும் அதைத் தாங்காது.

பால் குடிக்கும் கன்றுக்குத் தனியாகத் தண்ணீர் எதற்கு?

முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். பால் அங்கே போகாது என்று மேலே பார்த்தோம். தண்ணீர் வைக்காத கன்று அடர்தீவனத்தைக் குறைவாகத் தின்னும், எடையும் குறையும். 1 கிலோ அடர்தீவனத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. தாழியில் பெரிய மாடு குடித்து மீந்ததை வைக்காமல், தினமும் கழுவிய தனி வாளியில் வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் தோட்டங்களில், வீட்டுக்கு வரும் குடிநீரில் ஒரு வாளியைக் கன்றுக்கு ஒதுக்குவது நல்லது.

எப்போது பாலை மறக்கடிக்கலாம்?

வயதைப் பார்த்து முடிவு செய்யாமல், தின்னும் அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தொடர்ந்து 3 நாள் ஏறத்தாழ 1 கிலோ அடர்தீவனம் தின்றால், அதன் முதல் இரைப்பை தயாராகிவிட்டது என்று பொருள். சிறிய ஜெர்சி கலப்பினக் கன்றுக்கு 800 கிராம் போதும். பொதுவாக 8 முதல் 10 வாரத்தில் இந்த நிலை வரும். அதற்கு 2 வாரம் முன்பிருந்தே பாலைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் சேர்த்த எடையில் ஒரு பகுதியைக் கன்று இழந்துவிடக்கூடும். சந்தைக்குக் கொண்டுபோவது, கொம்பு சுடுவது, இடம் மாற்றிக் கட்டுவது எதையும் அதே வாரத்தில் செய்யாதீர்கள்.

லிட்டர் லிட்டராகக் கன்றுக்கு விட்டால் சொசைட்டிக்கு ஊற்ற என்ன மிஞ்சும்?

நியாயமான கேள்வி; கணக்குப் போட்டே பார்க்கலாம். இப்போது கொடுப்பதைவிட நாளுக்கு 2 லிட்டர் கூடுதலாக 60 நாள் கொடுத்தால் 120 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 4,200 ரூபாய். பதிலுக்குக் கன்றின் எடை சுமார் 12 கிலோ கூடும். நம் பகுதியில் கிடாரி நாளுக்கு 400 கிராம் வளர்கிறது என்றால், அந்த 12 கிலோ ஒரு மாத வளர்ச்சிக்குச் சமம். அதாவது ஒரு மாதம் முன்னதாகச் சினை ஊசி போடலாம், ஒரு மாதத் தீவனச் செலவு மிச்சம். 60 நாளில் 12 கிலோ என்பது நாளுக்கு 200 கிராம்; கார்னெல் கணக்கில் அதற்கு 170 கிலோ பால். அதில் பாதிதான் நம் கலப்பினத்துக்குப் பலிக்கும் என்று வைத்தாலும் முதல் ஈத்தில் 85 லிட்டர் கூடும். அதன் மதிப்பு சுமார் 3,000 ரூபாய், தீவனச் செலவு போக இன்னும் குறைவு.

இந்தக் கணக்கு மட்டும் பார்த்தால் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகத்தான் வரும். தராசை ஒரு பக்கமாகச் சாய்ப்பது கன்றின் உயிர். வயிறு நிறைந்த கன்று கழிச்சலிலிருந்தும் சளியிலிருந்தும் மீள்கிறது. அரைவயிற்றுக் கன்று போய்விடுகிறது. நல்ல கிடாரி ஒன்றைக் கருங்கல்பாளையம் சந்தையில் விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு, வீட்டுக் கன்று ஒன்று செத்தால் எவ்வளவு இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எவ்வளவுக்கெவ்வளவு தீவனம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லதா?

இல்லை. பால் மறந்த பிறகு, ஏறத்தாழ 3 மாதத்திலிருந்து பருவமடையும் வரை, அடர்தீவனத்தை அளவில்லாமல் கொட்டினால் மடியில் சுரப்புத் திசுவுக்குப் பதிலாகக் கொழுப்பு சேரும். 1980-களிலிருந்தே ஆய்வுகள் இதைக் காட்டி வருகின்றன. பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும் கிடாரி, ஈன்றபின் பால் குறைவாகத் தருவதற்கு இது ஒரு காரணம். அந்தக் காலத்தில் ஒன்று முதல் ஒன்றரை கிலோ அடர்தீவனம், வேலிமசால், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனம், தேவையான தட்டு, தாதுஉப்பு ஆகியவை போதும். உடல் உயர வேண்டும், விலா எலும்பு லேசாகத் தெரிய வேண்டும். சூபாபுல் தழை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பூக்காத இளஞ்சோளப் பயிரைக் கன்றுக்குக் காட்டவே கூடாது.

குடற்புழு மருந்து வளர்ச்சியைப் பாதிக்குமா?

புழுதான் பாதிக்கும். உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே கன்றுக்கு வருகிறது. எருமைக் கன்றுகளில் இது மிக அதிகம். எனவே 10 நாள் வயதை ஒட்டி முதல் மருந்து, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது நடைமுறை. மருந்தும் அளவும் மருத்துவர் சொல்வதாக இருக்கட்டும்.

காங்கேயம் கன்றுக்கும் இதே முறையா?

சீம்பால், தண்ணீர், புழு நீக்கம் எல்லாம் அப்படியே பொருந்தும். ஆனால் காங்கேயம் பசு கன்று ஊட்டாமல் பாலை இறக்காது. கறவையும் நாளுக்கு 2, 3 லிட்டர் அளவுதான். ஆகவே கன்றைப் பிரித்து வாளியில் வளர்க்க நினைக்க வேண்டாம். வேலியிட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மேயும் தாயோடு கன்றும் சேர்ந்து திரிந்து வளர்வது அந்த இனத்துக்கு ஏற்ற முறை. கறப்பதானால் ஒரு வேளை மட்டும் கறந்து மற்றதைக் கன்றுக்கு விடலாம். செவலையாகப் பிறக்கும் கன்று அரை வயதை நெருங்கும்போது நிறம் மாறத் தொடங்கும். அந்தச் சமயத்தில் மேய்ச்சல் காய்ந்திருந்தால் கைத்தீவனம் கொடுத்துத் தாங்க வேண்டும்.

முதல் 2 மாதம் தவறிவிட்டது. 5 மாதக் கன்று 50 கிலோகூட இல்லை. இனி என்ன செய்யலாம்?

முதலில் சாணத்தைப் பரிசோதித்துப் புழுவுக்கு மருந்து கொடுங்கள். மண் நக்கும் கன்றாக இருந்தால் தாதுக்குறை இருக்கலாம். மாவுச்சத்தை அள்ளிப் போடாமல் புரதத்தைக் கூட்டுங்கள். புண்ணாக்கும் பயறுவகைத் தழையும் எலும்பையும் தசையையும் வளர்க்கும், மக்காச்சோளம் மட்டும் கூடினால் கொழுப்புதான் சேரும். மாதம் ஒருமுறை நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து வாலுக்கு அருகிலுள்ள புட்ட எலும்பு முனை வரையுள்ள நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 36, நீளம் 34 என்றால் ஏறக்குறைய 67 கிலோ. இந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். நாளுக்கு 400 கிராம் கூடுகிறதென்றால் கன்று மீள்கிறது. இரண்டு மாதமும் 200 கிராமைத் தாண்டவில்லையென்றால் நாமக்கல் அல்லது உடுமலைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுவது நல்லது. இப்படிப் பின்தங்கிய கிடாரிக்கு வயதாகிவிட்டது என்று சினை ஊசி போடாதீர்கள். தாயின் எடையில் 60 சதவீதத்தை, அதாவது 350 கிலோத் தாயின் மகளாக இருந்தால் 210 கிலோவை, எட்டும் வரை பொறுத்திருங்கள்.